பிளாட் போட்டுப் பிரித்த டிவி

இத்தாலி அரசியல் என்று பேச்செடுத்தால் நம் நண்பர்கள் வட்டத்தில் முதலில் வரும் பெயர் சில்வியோ பெர்லுஸ்கோனி. கோடீஸ்வரர், மூன்று டிவி சேனல்களின் முதலாளி, ஏசி மிலான் கால்பந்து அணியின் சொந்தக்காரர், அத்தோடு நாட்டின் பிரதமர். வழக்குகள், விருந்துகள், ஏடாகூடமான பேச்சுகள் என்று பத்திரிகைகளுக்குக் குறைவில்லாமல் தீனி போட்டவர். 2023 ஜூன் 12-ஆம் தேதி காலமானார். அவரோடு ஒரு காலமே முடிந்துவிட்டது என்று அப்போது பலரும் எழுதினார்கள்.

முடியவில்லை என்பது என் கருத்து. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: அந்தக் காலத்தைத் தொடங்கி வைத்ததே அவர் இல்லை. இத்தாலியின் டிவியை அரசியல்வாதிகள் பங்கு போட்டுக்கொண்டது அவர் வருவதற்கு வெகு நாள் முன்பே நடந்துவிட்டது. அவர் திறந்திருந்த கேட் வழியாக உள்ளே வந்தவர். அவரை எதிர்த்தவர்களும் அந்தக் கேட்டைச் சாத்தவில்லை. ஏன் சாத்தவில்லை என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

இத்தாலியைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. மகள் குடும்பம் டூரின் நகரத்தில் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் சில தடவை போய் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறோம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகலெல்லாம் எனக்குத் துணை டிவிதான். பாஷை அரைகுறை. ஆனால் ஒரே செய்தியை மூன்று சேனலில் மூன்று விதமாகக் கேட்டால் பாஷை தெரியாதவனுக்கும் ஏதோ இருக்கிறது என்று மூக்கில் வியர்க்கும். அப்புறம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

பழைய கதையிலிருந்து வருகிறேன். இத்தாலியில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1954 ஜனவரி 3-ஆம் தேதி. நடத்தியது ராய். (யாருடைய குடும்பப் பெயரும் அல்ல, அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் சுருக்கப் பெயர்.) 22 வருடம் அதற்குப் போட்டியே கிடையாது. நாடு முழுக்க அது காட்டியதுதான் காட்சி.

காட்டியதில் நல்லதும் நிறைய உண்டு. 1960 முதல் 1968 வரை ஆல்பெர்த்தோ மான்ஸி என்ற பள்ளி ஆசிரியர் டிவியில் பெரியவர்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தார். "எந்த வயதிலும் தாமதமில்லை" என்ற பொருளில் நிகழ்ச்சியின் பெயர். பெரிய காகிதத்தில் கரித்துண்டால் படம் வரைந்து, பக்கத்தில் எழுத்தை எழுதிக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கான இத்தாலியர்கள் அதைப் பார்த்து எழுத்துக் கூட்டினார்கள். மகள் வீட்டுக்குக் கீழ் மாடியில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் அம்மா இருக்கிறார். தெற்கிலிருந்து வேலை தேடி வடக்கே வந்த குடும்பம். தன் தாயார் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது மான்ஸியிடம்தான் என்று அவர் சொன்னபோது குரல் கொஞ்சம் கம்மியது. அரசு டிவி என்றால் அந்த அம்மாவுக்கு முதலில் நினைவு வருவது மந்திரி அல்ல, மான்ஸி.

அதே ராயில் 1955-இல் ஒரு வினாடி வினா ஆரம்பித்தது. கிடைத்த பரிசோடு எழுந்து போகிறாயா, இரட்டிப்புக்குத் துணிகிறாயா என்று கேட்கிற ஆட்டம். நடத்தியவர் மைக் போன்ஜோர்னோ. அப்போது வீட்டில் டிவி வைத்திருந்தவர்கள் சொற்பம். ஊர் மொத்தமும் காப்பிக் கடையில் கூடிவிடும். சனிக்கிழமை வசூல் போகிறது என்று தியேட்டர்காரர்கள் முறையிட்டு, நிகழ்ச்சியை வியாழக்கிழமைக்கு மாற்ற வைத்தார்கள். உம்பெர்த்தோ எக்கோ 1961-இல் இந்த மனிதரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். போன்ஜோர்னோவைப் பார்க்கும் எவருக்கும் தாழ்வு மனப்பான்மை வராது, அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது என்பது அதன் சாரம். இந்தப் போன்ஜோர்னோ பின்னால் மறுபடி வருவார், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லது இருந்தது சரி, பெட்டிச் சாவி யாரிடம்? போருக்குப் பின் இடைவெளி இல்லாமல் ஆட்சியில் இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியிடம். 1961 முதல் 1974 வரை ராயின் தலைமை இயக்குநராக இருந்த எத்தோரே பெர்னபேய் அந்தக் கட்சியின் ஆள். திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் செய்தி என்றால் மந்திரி ரிப்பன் வெட்டுவதும் போப்பாண்டவர் ஆசீர்வதிப்பதும்தான். நாலில் ஒருவர் வாக்களித்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு டிவியில் வாய் திறக்க இடம் கிடைத்ததே 1960-இல், தேர்தல் மேடை என்று ஒரு நிகழ்ச்சி வந்த பிறகு.

இது நியாயமில்லை என்று 1974-இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. மறு வருடம், 1975-இல், ஒரு சட்டம் வந்தது. ராய் இனிமேல் அரசாங்கத்தின் பிடியில் இல்லை, நாடாளுமன்றத்தின் மேற்பார்வையில் என்றது அது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் நாடாளுமன்றம் என்றால் கட்சிகள். ஒரு கட்சியின் பிடியில் இருந்தது பல கட்சிகளின் பிடிக்குப் போனது, அவ்வளவுதான். காலப்போக்கில் முதல் சேனல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு, இரண்டாவது சோஷலிஸ்டுகளுக்கு என்று ஆனது. 1979-இல் ஆரம்பித்த மூன்றாவது சேனல் கம்யூனிஸ்டுகள் பக்கம் போனது. சேனல் தலைவர், செய்தி ஆசிரியர், துணை ஆசிரியர் என்று படிப்படியாகப் பங்கு.

இதற்கு இத்தாலியர்கள் வைத்த பெயர் லொத்திஸ்ஸாஸியோனே. ஊருக்கு வெளியே நிலத்தை வாங்கி, கல் நட்டு, பிளாட் போட்டுப் பிரிக்கிறார்களே, அதற்கு உண்டான சொல் அது. மக்கள் பணத்தில் நடக்கும் டிவியைக் கட்சிகள் பிளாட் போட்டுக்கொண்டன என்று ஜனங்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போது நிஜமாகவே பிளாட் போட்டு வீடு கட்டி விற்ற ஒருவர் காட்சிக்கு வருகிறார். 1976-இல் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புக் கொடுத்தது: உள்ளூர் அளவில் தனியார் டிவி நடத்தலாம். தேசிய அளவில் கூடாது. மிலான் அருகே மிலானோ 2 என்ற குடியிருப்பைக் கட்டியவர் பெர்லுஸ்கோனி. அங்கு குடியிருந்தவர்களுக்காக நடத்திய சின்னக் கேபிள் டிவிதான் வளர்ந்து 1980-இல் கனாலே 5 ஆனது. பிறகு இத்தாலியா 1, 1984-இல் ரேத்தே 4 ஆகியவற்றைப் போட்டிக்காரர்களிடமிருந்து வாங்கினார்.

உள்ளூரில் மட்டும் ஒளிபரப்ப அனுமதி இருக்கும்போது நாடு முழுக்க எப்படி? அங்கேதான் மூளை. நாடெங்கும் உள்ள உள்ளூர் நிலையங்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்த கேசட்டை அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் அதை ஒரே நேரத்தில் ஓட்டுவார்கள். பார்க்கிறவனுக்கு ஒரே சேனல். சட்டத்தின் கண்ணுக்கு ஏகப்பட்ட உள்ளூர் சேனல்கள். பாலக்காட்டிலிருந்து சேலம் வரை ஒரே பஸ் ஓடுகிறது, ஆனால் ஊருக்கு ஊர் போர்டை மாற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1984 அக்டோபரில் டூரின், ரோம், பெஸ்காரா நகர நீதிபதிகள் இது சட்ட விரோதம் என்று ஒளிபரப்பை நிறுத்தினார்கள். "டல்லாஸ்" தொடரும் குழந்தைகளின் கார்ட்டூனும் வராமல் திரை இருண்டது. வீட்டுக்கு வீடு கூச்சல். அப்போது பிரதமர் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் பெத்தினோ க்ராக்ஸி. பெர்லுஸ்கோனியின் நெருங்கிய நண்பர். சில நாட்களிலேயே அவசரச் சட்டம் போட்டு ஒளிபரப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. உடனே இன்னொன்று போட்டார். அது 1985-இல் நிறைவேறியது. கம்யூனிஸ்டுகள் கூச்சல் போட்டார்கள்; ஆனால் மூன்றாவது சேனல் தங்கள் கைக்கு வருவதும் அந்தப் பேரத்தில் ஒரு பகுதி என்று அந்நாளிலேயே பேச்சு இருந்தது.

1990-இல் இதற்கெல்லாம் நிரந்தர முத்திரை குத்த ஒரு சட்டம் வந்தது. ராய்க்கு மூன்று சேனல், பெர்லுஸ்கோனிக்கு மூன்று சேனல். அதைக் கண்டித்து ஆளும் கட்சியின் இடதுசாரிப் பிரிவைச் சேர்ந்த ஐந்து மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள். அதில் ஒருவர் கல்வி மந்திரி செர்ஜியோ மத்தரெல்லா. ஆமாம், 2015-இல் ஜனாதிபதியான அதே மத்தரெல்லாதான். பதவியை விட்டுப் போன ஐந்து பேரின் இடத்தையும் பிரதமர் உடனே நிரப்பிவிட்டார். சட்டம் நிறைவேறியது. கேட்டைச் சாத்தச் சொன்ன ஐந்து பேரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டைத் திறந்தே வைத்தார்கள்.

அடுத்த இரண்டே வருடத்தில் வீடே சரிந்தது. 1992-இல் மிலானில் தொடங்கிய லஞ்ச விசாரணை கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியையும் சோஷலிஸ்ட் கட்சியையும் அடியோடு சாய்த்தது. க்ராக்ஸி துனிசியாவுக்குப் போய் அங்கேயே 2000-இல் இறந்தார். பழைய கட்சிகள் போட்ட பிளாட்டுகளில் காவலுக்கு ஆள் இல்லை.

1994 ஜனவரி 26-ஆம் தேதி பெர்லுஸ்கோனியின் அலுவலகத்திலிருந்து எல்லா டிவி நிலையங்களுக்கும் ஒரு வீடியோ கேசட் போனது. ஒன்பது நிமிடம். மேஜைக்குப் பின் உட்கார்ந்து, புத்தக அலமாரியும் குடும்பப் படங்களும் பின்னணியில் தெரிய, தான் அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். பத்திரிகையாளர் கூட்டம் கிடையாது, கேள்வி கிடையாது. கட்சியின் பெயர் கால்பந்து மைதானத்தில் ரசிகர்கள் போடும் கோஷம்: ஃபோர்ஸா இத்தாலியா. கட்சியைக் கட்டியவர்கள் அவருடைய விளம்பர நிறுவனத்தின் விற்பனை ஆட்கள். மார்ச் மாதக் கடைசியில் தேர்தல். ஜெயித்து மே மாதம் பிரதமர். மைக் போன்ஜோர்னோ அதற்கு வெகு முன்பே அவருடைய சேனலுக்கு மாறியிருந்தார். முதலாளிக்கு ஆதரவாக அவரும் கேமரா முன் பேசினார். கிட்டத்தட்ட நாற்பது வருடமாக வீட்டுக்குள் வந்துபோகிற மனிதர் சொன்னால் யார் தட்டுவார்கள்?

நம் ஊரில் கட்சிகள் சேனல் தொடங்கின. அங்கே சேனல் கட்சி தொடங்கியது. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், சின்னதல்ல.

இந்த இடத்தில் ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். ரூபன் துராந்தே, பாவ்லோ பினோத்தி, அந்த்ரேயா தெசெய் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் செய்தது. 2019-இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழில் வெளிவந்தது. 1980-களின் தொடக்கத்தில் மலை மறைத்ததாலும் கோபுரம் தள்ளி இருந்ததாலும் சில ஊர்களுக்கு பெர்லுஸ்கோனியின் சேனல்கள் தாமதமாகத்தான் கிடைத்தன. முன்னால் கிடைத்த ஊர்களையும் பின்னால் கிடைத்த ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்னால் கிடைத்த ஊர்களில் 1994-இல் ஃபோர்ஸா இத்தாலியாவுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி வாக்கு அதிகம். அந்த வித்தியாசம் ஐந்து தேர்தல்கள் வரை நீடித்தது.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் விசேஷம் எண்ணிக்கையில் இல்லை. 1980-களில் அந்தச் சேனல்களில் அரசியலே கிடையாது! நேரடித் தேசியச் செய்தி வந்ததே 1991-இல். அதுவரை அமெரிக்கத் தொடர், வினாடி வினா, ஆட்டம் பாட்டம், விளம்பரம். செய்தியைத் திரித்து யாரும் யாரையும் மயக்கவில்லை. பல வருடம் லேசான சரக்கை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள், லேசாகப் பேசும் அரசியல்வாதியைப் பார்த்ததும் நம் ஆள் என்று சேர்த்துக்கொண்டார்கள். சிறு வயதிலேயே அந்தச் சேனல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பொதுக் காரியங்களில் ஈடுபாடு குறைவாக இருந்ததாகவும் அவர்கள் கண்டார்கள். இன்னொரு முடிவும் உண்டு: பாதிப்பு அதிகம் இருந்தது இரண்டு கூட்டத்தாரிடம். சின்னப் பிள்ளைகள், முதியவர்கள். டிவி முன் நாள் முழுக்க உட்கார்கிறவர்கள் இந்த இரண்டு பேர்தானே. என் வயதுக்காரர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகாமல் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செய்தியில் பொய் சொன்னால் நமக்குக் கோபம் வரும், எதிர்ப்போம். சீரியலை யார் எதிர்க்கிறார்கள்?

இதைப் படித்துவிட்டு, டிவி வைத்திருந்தால் போதும், தேர்தலை வாங்கிவிடலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1996-இல் பெர்லுஸ்கோனி தோற்றார். 2006-இல் பிரதமர் நாற்காலியும் மூன்று சொந்தச் சேனலும் கையில் இருக்கும்போதே தோற்றார். கீழ் சபையில் சுமார் 25,000 வாக்குகளில். இத்தாலிய வாக்காளர்கள் பொம்மைகள் அல்ல. மந்திரம் என்று சொல்வது அவர்களுக்கும் அவமரியாதை. டிவி யாரையும் நிரந்தரமாக ஜெயிக்க வைக்காது. எதைப் பற்றிப் பேசுவது, எந்தத் தொனியில் பேசுவது, யாரைப் பேச விடுவது என்பதை அது தீர்மானிக்கும். அதுவே போதுமான அதிகாரம்.

பேச விடாத கதைக்கு ஒரு உதாரணம். என்ஸோ பியாஜி என்ற பெரிய பத்திரிகையாளர் ராயின் முதல் சேனலில் இரவுச் செய்திக்குப் பின் சில நிமிட நிகழ்ச்சி நடத்தி வந்தார். 2001 தேர்தலுக்குச் சில நாள் முன் நடிகர் ரொபெர்த்தோ பெனின்யியை அழைத்துப் பேட்டி கண்டார். பெனின்யி பெர்லுஸ்கோனியைக் கிண்டல் செய்தார். பெர்லுஸ்கோனி தேர்தலில் ஜெயித்தார். 2002 ஏப்ரல் 18 அன்று பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் நிருபர்களிடம் பேசும்போது பியாஜி, மிக்கேலே சந்தோரோ, தனியேலே லுத்தாஸி ஆகிய மூன்று பேரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். மக்கள் பணத்தில் நடக்கும் டிவியை அவர்கள் குற்றத்துக்குரிய விதத்தில் பயன்படுத்தினார்களாம். கொஞ்ச நாளில் மூன்று பேரின் நிகழ்ச்சியும் காணாமல் போனது. பியாஜிக்கு அப்போது வயது 81. 2007 ஏப்ரலில் மறுபடி திரைக்கு வந்தார்; அதே நவம்பரில் இறந்தார்.

கவனியுங்கள், அவர்கள் மூவரும் பெர்லுஸ்கோனியின் சொந்தச் சேனலில் வேலை செய்தவர்கள் அல்ல. ராயில் இருந்தவர்கள். சொந்தமாக மூன்று சேனல் வைத்திருந்தவருக்கு மீதி மூன்றிலும் பேச்சு எடுபட்டது எப்படி? அந்த வசதியை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆட்சிக்கு வருகிறவன் ராயில் ஆள் போடலாம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே தயாராக இருந்தது. துராந்தேயும் பிரையன் நைட் என்பவரும் சேர்ந்து செய்த இன்னொரு ஆராய்ச்சி, 2001-இல் ஆட்சி மாறியதும் ராய் செய்திகளும் வலப்பக்கம் நகர்ந்ததைக் காட்டுகிறது. பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் சேனலை மாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் மாற்றவில்லை. பழகிய நாற்காலி, பழகிய சேனல்.

சரி, எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள்? 1996 முதல் 2001 வரை ப்ரோதி, தாலேமா, அமாத்தோ என்று மத்திய-இடதுசாரி ஆட்சி நடந்தது. பிரதமராக வருகிறவர் டிவி முதலாளியாகவும் இருக்கலாமா என்பதைத் தீர்க்க ஒரு சட்டம் போட ஐந்து வருடம் அவர்களுக்கு இருந்தது. போடவில்லை. 2000-இல் தேர்தல் காலத்தில் கட்சிகளுக்குச் சம நேரம் என்ற சட்டம் போட்டார்கள், நல்ல சட்டம்தான். ஆனால் கடிகாரத்தைக் கையில் எடுத்தார்களே தவிர, சாவியைத் தொடவில்லை. சந்தர்ப்பம் மக்களுக்கும் வந்தது. 1995 ஜூனில் ஒருவர் எத்தனை சேனல் வைத்திருக்கலாம் என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. பெர்லுஸ்கோனியின் சேனல்கள், உங்கள் பிரியமான நிகழ்ச்சிகள் போய்விடும் என்று இரவும் பகலும் பிரச்சாரம் செய்தன. பாதிக்கு மேற்பட்டவர்கள் கட்டுப்பாடு வேண்டாம் என்றார்கள்.

பிரான்செஸ்கோ தி ஸ்தெஃபானோ என்ற தொழிலதிபரின் கதை வேறு. 1999-இல் எவுரோப்பா 7 என்ற சேனலுக்குத் தேசிய உரிமம் வாங்கினார். உரிமம் கிடைத்தது, அலைவரிசை கிடைக்கவில்லை. கொடுப்பதென்றால் ரேத்தே 4 செயற்கைக்கோளுக்கு நகர வேண்டும். 2003 கடைசிக்குள் அது நகர வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றமே சொல்லியிருந்தது. அரசு அவசரச் சட்டம் போட்டுக் காப்பாற்றிவிட்டது. மறுபடியும் அவசரச் சட்டம்! தி ஸ்தெஃபானோ நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார். 2012-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்கு ஒரு கோடி யூரோ நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. உரிமம் வாங்கி 13 வருடம் கழித்து. அந்த 13 வருடத்தில் இடதும் ஆண்டது, வலதும் ஆண்டது. பணத்தைக் கட்டியது பொது ஜனம்.

டிவியால் ஒதுக்கப்பட்டவர்கள் சும்மா இருந்துவிடுவதில்லை என்பதற்கும் இத்தாலியிலேயே சாட்சி உண்டு. நகைச்சுவை நடிகர் பெப்பே கிரில்லோ 1986-இல் ராயின் சனிக்கிழமை நிகழ்ச்சியில் சோஷலிஸ்டுகளைத் திருடர்கள் என்ற அர்த்தம் வரும்படி ஜோக் அடித்தார். பிறகு ராயில் அவருக்குக் கதவு அடைபட்டது. அவர் மேடை மேடையாகப் போய்க் கூட்டம் சேர்த்தார். 2005-இல் இணையத்தில் எழுத ஆரம்பித்தார். 2009-இல் ஐந்து நட்சத்திர இயக்கம் என்று கட்சியே தொடங்கினார். தன் ஆட்கள் டிவி விவாதத்துக்குப் போகக் கூடாது என்று தடை போட்டார். 2013 தேர்தலில் நாலில் ஒரு வாக்கு அவர்களுக்கு. நான் முன்னே சொன்ன ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கை: பெர்லுஸ்கோனியின் சேனல்கள் முன்னால் கிடைத்த ஊர்களில் 2013-இல் கிரில்லோவின் கட்சிக்கும் கூடுதல் வாக்கு. எளிமையாகப் பேசும் எவருக்கும் அந்தக் காது பழகியிருந்தது.

அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் பிளாட்டுகளைக் கலைத்ததா? 2018-இல் கூட்டணி அரசு அமைந்ததும் ராயின் பதவிகளை அவர்களும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். டிவியே வேண்டாம் என்றவர்கள்!

இப்போதைய நிலைக்கு வருகிறேன். 2015-இல் மத்தேயோ ரென்ஸி, மத்திய-இடதுசாரிப் பிரதமர், ராயைச் சீர்திருத்துகிறேன் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன்படி ராய் நிர்வாகக் குழுவில் ஏழு பேர். நாலு பேரை நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் தேர்ந்தெடுக்கும். இரண்டு பேரை அரசாங்கம் நியமிக்கும். ஒருவரை ஊழியர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஏழில் ஆறு பேர் அரசியல்வாதிகள் கையால் வருகிறவர்கள். அன்றாடம் நிறுவனத்தை நடத்தும் தலைமை நிர்வாகி அரசாங்கத்தின் ஆள். ரென்ஸி போனார்; அவர் செய்து வைத்த சாவியை அடுத்தடுத்து வந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். 2022-இல் ஜோர்ஜா மெலோனி பிரதமரானபோது அது அவர் கைக்கு வந்தது.

2024 வசந்த காலத்தில் நாங்கள் டூரினில் இருந்தோம். ஏப்ரல் 25 பாசிசத்திலிருந்து விடுதலை பெற்ற நாள், அரசு விடுமுறை. அதை ஒட்டி எழுத்தாளர் அந்தோனியோ ஸ்குராத்தி ராயின் மூன்றாவது சேனலில் சில நிமிடம் பேசுவதாக இருந்தது. பாசிசக் கால வரலாற்றையே நாவல்களாக எழுதியவர் அவர். கடைசி நேரத்தில் அவர் வரவு ரத்தானது. தலையங்கக் காரணம் என்றும் சொன்னார்கள், பணம் அதிகம் கேட்டார் என்றும் சொன்னார்கள். நிகழ்ச்சி நடத்தும் செரேனா போர்த்தோனே அவர் எழுதியதைத் தானே கேமரா முன் வாசித்துவிட்டார். மெலோனியும் அந்தப் பேச்சைத் தன் பக்கத்தில் போட்டு, மக்களே தீர்மானிக்கட்டும் என்றார். மே 6-ஆம் தேதி ராய் பத்திரிகையாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். "தெலெமெலோனி" என்ற சொல் ஊரெல்லாம் புழங்கியது.

கீழ் மாடி டீச்சர் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. தோளைக் குலுக்கிவிட்டு, "இப்போது இவர்கள் முறை" என்றார். எனக்கு ஸ்குராத்தி விவகாரத்தைவிட இந்த பதில்தான் கஷ்டமாக இருந்தது. மான்ஸியிடம் தாயார் எழுத்துக் கற்ற குடும்பம். அந்த டிவியில் நேர்மையை எதிர்பார்ப்பதையே அவர் விட்டுவிட்டார்.

மெலோனி கட்சிக்காரர்கள் சொல்லும் நியாயமும் உண்டு. முப்பது வருடம் இடதுசாரிகள் ராயில் செல்வாக்காக இருந்தார்கள், இப்போது நாங்கள் சமன் செய்கிறோம் என்கிறார்கள். முதல் பாதி பொய் இல்லை. மூன்றாவது சேனலின் கதையைத்தான் மேலே சொன்னேனே. ஆனால் அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டால் முடிவே கிடையாது. நேற்று நீ எடுத்தாய், இன்று நான் எடுக்கிறேன் என்பது பங்காளிச் சண்டை. பொதுச் சொத்தை நிர்வகிக்கும் முறை அல்ல.

நான் இவ்வளவு தூரம் சொல்ல வந்தது இதுதான். பெர்லுஸ்கோனியை மட்டும் வில்லனாக்குவது எல்லோருக்கும் வசதி. அவர் போய்விட்டார், நோயும் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் ராயின் சாவியை அரசியலிடமிருந்து பிரித்துவிட எந்தக் கட்சிக்கும் மனசு வரவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது எல்லோரும் பூட்டை மாற்றச் சொல்வார்கள். ஆட்சிக்கு வரப்போகிறோம் என்று தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். நாளைக்கு நாம் திறக்கப்போகிற கதவுதானே!

மாற்ற முடியாத விஷயமும் அல்ல. ஜெர்மனியில் இசட்.டி.எஃப். என்ற பொதுத் தொலைக்காட்சியின் குழுக்களில் அரசும் கட்சிகளும் அதிகம் இருக்கின்றன என்று வழக்குப் போனது. 2014 மார்ச்சில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், அரசு சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் மூன்றில் ஒன்று. இத்தாலியில் ஏழில் ஆறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடகச் சுதந்திரச் சட்டமும் 2025 ஆகஸ்ட் 8 முதல் முழு நடைமுறைக்கு வந்துவிட்டது. பொது ஊடகத்தின் தலைவர்களை வெளிப்படையான, பாரபட்சமற்ற முறையில் நியமிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் மேலிருந்து வந்தால் போதாது. இத்தாலியின் கட்சிகளில் ஏதாவது ஒன்று, ஆட்சியில் இருக்கும்போது, ஏழில் ஆறை ஏழில் இரண்டாகக் குறைக்க முன்வர வேண்டும். அதைச் செய்கிற கட்சிக்கு நஷ்டம் நிச்சயம். அதனால்தான் அதைச் செய்கிறவர்களை நம்பலாம்.

ராய்க்கான கட்டணம் 2016 முதல் மின்சார பில்லோடு சேர்ந்து வருகிறது. வருடம் 90 யூரோ. மகள் வீட்டு பில்லிலும் அந்த வரி இருக்கிறது, கீழ் மாடி டீச்சர் அம்மாவின் பில்லிலும் இருக்கிறது. இடதுக்கு வாக்களித்தவரும் வலதுக்கு வாக்களித்தவரும் வாக்கே போடாதவரும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். எல்லோரிடமும் வாங்கும்போது ஒரு கட்சிப் பாகுபாடும் பார்க்கவில்லையே. திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?